யூரியா போட்டும் பயிர் பச்சை பிடிக்கலையா? தூத்துக்குடி ஆலை முதல் பேராவூரணி வயல் வரை ஒரே விதிதான்!

"அண்ணே, யூரியா லோடு வந்துடுச்சா?"

சம்பா நடவு முடிஞ்சு மேலுரம் போடுற நேரத்துல, பேராவூரணி பக்கம் உரக்கடை வாசலில் நின்றால் காதில் விழும் கேள்வி இது. மூட்டை கிடைத்தால் நிம்மதி. கிடைக்காவிட்டால் அடுத்த கடை, அடுத்த ஊர், கூட்டுறவு சங்கம் என்று அலைச்சல்.

ஆனா இன்னொரு கேள்வி இருக்கு. அதை யாரும் கடை வாசலில் கேட்பதில்லை. அலைந்து திரிந்து வாங்கிப் போட்ட யூரியாவில் எவ்வளவு உண்மையிலேயே நெற்பயிருக்குப் போய்ச் சேருது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஆக ஒரு மூட்டைக்கு 20.7 கிலோ. தண்ணீர் கட்டிய நெல் வயலில் போடும் தழைச்சத்தில் பொதுவாக 30 முதல் 40 சதவீதம்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது என்கிறார்கள் வேளாண் விஞ்ஞானிகள். அப்படியானால் 20.7 கிலோவில் பயிருக்குக் கிடைப்பது 6 முதல் 8 கிலோ மட்டுமே.

மீதி? கொஞ்சம் தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கிவிடும். கொஞ்சம் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால் வாயுவாக மாறும். ஒரு பெரிய பங்கு அம்மோனியா என்ற வாயுவாக மாறி, நம் கண் முன்னாலேயே, கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் பறந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. அதே அம்மோனியாவை உண்டாக்கத்தான் தூத்துக்குடியிலும் மணலியிலும் உள்ள உர ஆலைகள் ராட்சத அழுத்தமும் கடும் வெப்பமும் கொடுத்துப் போராடுகின்றன. ஆலையில் அம்மோனியா சுலபத்தில் உருவாக மாட்டேங்குது. வயலில் அது சுலபமா ஓடிப் போயிடுது. இரண்டுக்கும் காரணம் ஒரே வேதியியல் விதி. அதன் பெயர் வேதிச் சமநிலை.

பிளஸ் 1 வேதியியல் புத்தகத்தைப் பார்த்துப் பயந்து ஓடியவர்களும் தாராளமாகப் படிக்கலாம். புரியும்படியே சொல்கிறோம்.

சமநிலைன்னா என்ன? கல்யாணப் பந்தியைப் பாருங்க!

ஒரு கல்யாண மண்டபம். சாப்பாட்டுக் கூடத்தில் 200 பேர் உட்காரலாம். சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்து கை கழுவப் போகிறார்கள். காத்திருந்தவர்கள் உள்ளே வருகிறார்கள். நிமிடத்துக்கு 10 பேர் வெளியே, 10 பேர் உள்ளே. எப்போது எட்டிப் பார்த்தாலும் கூடத்தில் 200 பேர்தான். ஆனால் அதே 200 பேர் இல்லை. ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது, எண்ணிக்கை மட்டும் மாறவில்லை.

வேதிச் சமநிலையும் இப்படித்தான். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகும். அதே நேரத்தில் உருவான அம்மோனியா உடைந்து மறுபடியும் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் ஆகும். முதலாவது முன்னோக்கு வினை, இரண்டாவது பின்னோக்கு வினை. இரண்டின் வேகமும் சமமாகும்போது அம்மோனியாவின் அளவு ஒரு இடத்தில் நின்றுவிடும். அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் ஒரு கிராம்கூட கூடாது.

அந்த அளவு எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது யார்? வெப்பநிலை, அழுத்தம், எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பவை, அதாவது வினை நடக்கும் சூழல். சூழலை மாற்றினால் சமநிலையும் இடம் மாறும். கிடைக்கும் விளைச்சலும் மாறும்.

எந்தப் பக்கம் மாறும் என்பதற்கு 1884-ல் ஒரு விதி சொன்னார் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ஹென்றி லீ சாட்லியர். சமநிலையில் இருக்கும் ஒன்றுக்கு நாம் ஒரு தொந்தரவு கொடுத்தால், அந்தத் தொந்தரவைக் குறைக்கும் பக்கமாக அது நகரும். அவ்வளவுதான் விதி.

அழுத்தினால், இடத்தைக் குறைவாக அடைக்கும் பக்கம் போகும். சூடாக்கினால், சூட்டை உறிஞ்சும் பக்கம் போகும். ஒரு பொருளை வெளியே எடுத்தால், அதை ஈடுகட்ட மேலும் உருவாக்கும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடியும்வரை தேவைப்படும்.

ஆலைக்குள்ளே: சூடு வேணும், ஆனா வேண்டாம்!

முதலில் ஆலைக்குப் போவோம். தமிழ்நாட்டில் யூரியா தயாரிக்கும் பெரிய ஆலைகள் இரண்டு. ஒன்று தூத்துக்குடியில் உள்ள ஸ்பிக். இன்னொன்று சென்னை மணலியில் உள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ்.

யூரியா செய்ய முதலில் அம்மோனியா வேண்டும். நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதனால் நைட்ரஜனுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் சேர்ந்தால் இரண்டு அம்மோனியா மூலக்கூறுகள் கிடைக்கும். இந்த வினை நடக்கும்போது வெப்பம் வெளியே வரும். அதனால் இது வெப்ப உமிழ் வினை.

இப்போது லீ சாட்லியர் விதியைப் போட்டுப் பார்ப்போம்.

அழுத்தம்: இடது பக்கம் 4 மூலக்கூறுகள், வலது பக்கம் 2. அழுத்தினால் எண்ணிக்கை குறைவான பக்கம், அதாவது அம்மோனியா பக்கம் போகும். ஆகவே அழுத்தம் கூடினால் லாபம்.

வெப்பநிலை: வினை தானே வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. நாமும் வெளியிலிருந்து சூடாக்கினால், சூட்டை உறிஞ்ச அது பின்னோக்கிப் போகும். உருவான அம்மோனியா உடையும். ஆகவே சூடு கூடினால் நஷ்டம்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு பங்கு நைட்ரஜன், மூன்று பங்கு ஹைட்ரஜன் கலவையில், சமநிலையில் கிடைக்கும் அம்மோனியாவின் அளவு தோராயமாக இதுதான்:

- 200 டிகிரி செல்சியஸ், 100 வளிமண்டல அழுத்தம்: 81 சதவீதம்
- 400 டிகிரி, 100 வளிமண்டல அழுத்தம்: 25 சதவீதம்
- 500 டிகிரி, 100 வளிமண்டல அழுத்தம்: 11 சதவீதம்
- 500 டிகிரி, 300 வளிமண்டல அழுத்தம்: 26 சதவீதம்

அப்போ 200 டிகிரியில் நடத்திட்டுப் போக வேண்டியதுதானே? இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. சிக்கல் என்னன்னா, நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். குறைந்த சூட்டில் அந்தப் பிடி சீக்கிரம் தளராது. 81 சதவீதம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது கிடைக்க எவ்வளவு காலம் காத்திருப்பது? ஆலைக்கு விளைச்சலும் வேண்டும், வேகமும் வேண்டும்.

அதனால் ஒரு சமரசம். சுமார் 400 முதல் 500 டிகிரி வெப்பம், 150 முதல் 250 மடங்கு வளிமண்டல அழுத்தம், கூடவே இரும்பு வினையூக்கி. உலகம் முழுக்க அம்மோனியா ஆலைகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் ஓடுகின்றன.

தேர்வு எழுதும் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டிய இடம் இது. வினையூக்கி விளைச்சலைக் கூட்டாது. முன்னோக்கு, பின்னோக்கு இரண்டு வினைகளையும் ஒரே அளவு வேகப்படுத்தும். சமநிலை வரும் நேரம் குறையுமே தவிர, சமநிலை நிற்கும் இடம் மாறாது. பந்தியில் பரிமாறுகிறவர்கள் வேகமாக ஓடினால் கூடம் சீக்கிரம் நிறையும். ஆனால் நாற்காலி 200-தானே?

விதி சொன்னவருக்கே நழுவிய வெற்றி

அம்மோனியா செய்ய அதிக அழுத்தம் வேண்டும் என்று லீ சாட்லியருக்குத் தெரியாமலா இருக்கும்? 1901-ல் அவரே முயன்று பார்த்தார். கலவையில் காற்று கலந்துவிட்டதால் கருவி வெடித்தது. உதவியாளர் மயிரிழையில் உயிர் தப்பினார். லீ சாட்லியர் அந்த முயற்சியைக் கைவிட்டார். அந்தக் கண்டுபிடிப்பைக் கைநழுவ விட்டோமே என்று பின்னாளில் வருத்தப்பட்டிருக்கிறார்.

சாதித்தவர் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர். 1909-ல் தன் ஆய்வுக்கூடத்தில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக வடித்துக் காட்டினார். அதை ஆலை அளவுக்குப் பெரிதாக்கியவர் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனத்தின் கார்ல் போஷ். விலை குறைவான இரும்பு வினையூக்கியைக் கண்டுபிடிக்க ஆல்வின் மிட்டாஷ் என்ற வேதியியலாளரின் குழு ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்தது. 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு இந்த வினையில் வந்த தழைச்சத்தை நம்பித்தான் இருக்கிறது.

ஹேபர் செய்த முக்கியமான தந்திரம் ஒன்று உண்டு. ஒரு முறை வினையூக்கி மேல் வாயுவை ஓடவிட்டால் சுமார் 15 சதவீதம்தான் அம்மோனியாவாக மாறும். அதைப் பார்த்து அவர் சோர்ந்துவிடவில்லை. வெளியே வரும் வாயுவைக் குளிரவைத்து, அம்மோனியாவை மட்டும் திரவமாகப் பிரித்து எடுத்தார். மிச்ச வாயுவை மறுபடியும் உள்ளே அனுப்பினார். இப்படிச் சுற்றிச் சுற்றி விட்டால், கடைசியில் கிட்டத்தட்ட முழுவதும் அம்மோனியாவாகிவிடும்.

உருவானதை உடனே வெளியே எடு, இன்னும் உருவாகும். இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள். வயலுக்குப் போகும்போது இதே தந்திரத்தைக் காற்று நமக்கு எதிராகச் செய்யும்.

ஒரே ஆலையில் எதிரெதிர் சூழல்

ஹைட்ரஜன் எங்கிருந்து வருது? முன்பு மணலியும் தூத்துக்குடியும் நாஃப்தா என்ற பெட்ரோலியப் பொருளை நம்பியிருந்தன. மணலி ஆலை 2019-ல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. ராமநாதபுரம் - தூத்துக்குடி இடையிலான 143 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரி 17-ல் திறக்கப்பட்டது. அதன் பிறகு ஸ்பிக் ஆலையும் எரிவாயுவுக்கு மாறியது.

இயற்கை எரிவாயுவில் இருப்பது பெரும்பாலும் மீத்தேன். மீத்தேனும் நீராவியும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வரும். இந்த வினை வெப்பத்தை உறிஞ்சும். இரண்டு மூலக்கூறு நான்காகும். அம்மோனியா வினைக்கு அப்படியே நேர் எதிர். அதனால் இங்கே 800 டிகிரிக்கு மேல் கொளுத்துகிறார்கள். நீராவியைத் தேவைக்கு அதிகமாகவே சேர்க்கிறார்கள்.

ஒரே ஆலைதான். ஒரு அறையில் சூடு நண்பன், பக்கத்து அறையில் சூடு எதிரி. எந்த வினைக்கு எந்தச் சூழல் என்று தெரிந்து நடத்துவதுதான் வேதிப் பொறியாளரின் வேலை.

கடைசிக் கட்டம் யூரியா. அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து முதலில் அம்மோனியம் கார்பமேட் உருவாகும். அது நீரை இழந்து யூரியாவாகும். இதுவும் முழுசா முடியாத வினைதான். சுமார் 180 முதல் 190 டிகிரி வெப்பம், 140 மடங்குக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தம் கொடுத்தும், ஒரு சுற்றில் கார்பன் டை ஆக்சைடில் 60 முதல் 70 சதவீதம் வரைதான் யூரியாவாகும். அதைக் கூட்டுவதற்காகவே அம்மோனியாவைத் தேவைக்கு அதிகமாகச் சேர்க்கிறார்கள். மீதியைப் பிரித்து மறுபடியும் உள்ளே விடுகிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டு அடைக்கும் வெள்ளைக் குருணைதான் வரி, வேப்பெண்ணெய்ப் பூச்சு எல்லாம் சேர்த்து விவசாயிக்கு மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கு வருகிறது. உண்மையான செலவு அதைவிடப் பல மடங்கு. வித்தியாசத்தை மத்திய அரசு மானியமாகக் கொடுக்கிறது. அதாவது வயலில் பறப்பது விவசாயி காசு மட்டும் இல்லை, நம்ம எல்லாருடைய வரிப்பணமும்தான்.

வயலில் நடப்பது என்ன?

காலையில் மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறும் நெடி நினைவிருக்கா? அது அம்மோனியா. மாட்டுக் கோமியத்தில் உள்ள யூரியாவை யூரியேஸ் என்ற நொதி உடைப்பதால் வருகிறது. அதே நொதி வயல் மண்ணிலும் நிறைய இருக்கிறது.

வயலில் தூவிய யூரியா தண்ணீரில் கரையும். சில நாட்களுக்குள் நொதி அதை உடைத்து அம்மோனியம் ஆக்கும். அம்மோனியம் நல்லது. அது மண் துகளோடு ஒட்டிக்கொள்ளும், வேர் அதை எடுத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரில் அம்மோனியம் தனியாக இருப்பதில்லை. அதற்கும் அம்மோனியா வாயுவுக்கும் இடையே ஒரு சமநிலை உண்டு. அம்மோனியம் உடைந்து அம்மோனியா ஆகும், அம்மோனியா மறுபடி அம்மோனியம் ஆகும். நம்ம கல்யாணப் பந்தி கதைதான்.

இந்தச் சமநிலை எந்தப் பக்கம் சாயும் என்பதை முடிவு செய்வது தண்ணீரின் காரத்தன்மை. அதை அளக்கும் எண்தான் பி.எச். 7 என்றால் நடுநிலை, அதற்கு மேலே போனால் காரம். 25 டிகிரி வெப்பத்தில் கணக்கு இப்படி வரும்:

- பி.எச். 7: நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே அம்மோனியா வாயு
- பி.எச். 8: நூற்றில் சுமார் 5
- பி.எச். 9: நூற்றில் சுமார் 36
- பி.எச். 10: நூற்றில் சுமார் 85

வெப்பம் கூடினால் நிலைமை இன்னும் மோசம். தண்ணீர் 35 டிகிரிக்குப் போனால் பி.எச். 9-லேயே நூற்றில் பாதிக்கு மேல் அம்மோனியாவாகிவிடும்.

நம்ம வயல் தண்ணீர் 9-க்குப் போகுமா? போகும். நட்ட புதிதில் பயிர் சின்னதாக இருக்கும். வெயில் நேராகத் தண்ணீரில் விழும். பாசி செழிக்கும். பாசி பகலில் ஒளிச்சேர்க்கைக்காகத் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும். அது குறையக் குறையத் தண்ணீரின் பி.எச். ஏறும். நடுப்பகல், பிற்பகலில் 9-ஐத் தாண்டுவது சாதாரணம். இரவில் மறுபடி இறங்கும். யூரியா உடையும்போது வரும் பைகார்பனேட்டும் காரத்தன்மை குறையாமல் பார்த்துக்கொள்ளும்.

இப்போது காற்று வருகிறது. தண்ணீரின் மேலே உள்ள அம்மோனியாவை அடித்துக்கொண்டு போகிறது. லீ சாட்லியர் என்ன சொன்னார்? ஒரு பொருளை வெளியே எடுத்தால், அதை ஈடுகட்ட மேலும் உருவாகும். அம்மோனியம் மேலும் உடையும், மறுபடி காற்று அடிக்கும், மறுபடி உடையும். ஹேபர் ஆலையில் செய்த அதே தந்திரத்தைக் காற்று வயலில் செய்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். ஆலையில் அம்மோனியா தொட்டிக்குப் போனது. இங்கே ஆகாயத்துக்குப் போகிறது.

கடைமடைக்கு ஏன் கூடுதல் சிக்கல்?

பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது கல்லணைக் கால்வாய். ஊர்க்காரர்கள் வாயில் புது ஆறு. 1930-களில், மேட்டூர் அணை கட்டிய காலத்தில் வந்த கால்வாய் இது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டிப் பார்க்க நாளாகும். வந்த தண்ணீரும் முறை வைத்துத்தான்.

வயலில் நிற்கும் தண்ணீரில் யூரியாவைத் தூவுவதுதான் அதிக இழப்பு தரும் முறை என்று நெல் ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தண்ணீரை வடித்துவிட்டு, சேறு பதத்தில் யூரியா போட்டு, பிறகு தண்ணீர் கட்டினால் இழப்பு குறையும்.

"வடிச்சுட்டு மறுபடி கட்டத் தண்ணிக்கு எங்கே போறது?"

கடைமடைக்காரர் இப்படிக் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. இருக்கிற தண்ணீரை விட மனசு வராது. போர் தண்ணீர் வசதி இருப்பவர்கள் சமாளிப்பார்கள். வாய்க்காலை மட்டும் நம்பியவர் நிற்கும் தண்ணீரிலேயே தூவிவிட்டு வருவார். பயிர் பச்சை பிடிக்காது. இன்னொரு மூட்டை வாங்கப் போவார். இந்தப் பக்கம் பல இடங்களில் மண்ணும் மணற்பாங்கு. தண்ணீரோடு தழைச்சத்து கீழே இறங்கும் இழப்பும் சேர்ந்துகொள்ளும்.

சரி, என்ன செய்யலாம்?

ஆலைப் பொறியாளர் சூழலை மாற்றி அம்மோனியாவைக் கூட்டுகிறார். வயலில் நாம் சூழலை மாற்றி அம்மோனியாவைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு வழிக்கும் பின்னால் அதே விதிதான் இருக்கிறது.

1. முறைத் தண்ணீர் வரும் நாளோடு யூரியாவைச் சேர்த்துத் திட்டமிடுங்கள்.
வயல் தானே வற்றிச் சேறு பதத்துக்கு வந்திருக்கும் நேரம், அடுத்த நாளே தண்ணீர் கட்ட முடியும் என்ற நிலை. அதுதான் யூரியா போட ஏற்ற நாள். பின்னால் வரும் தண்ணீர் யூரியாவை மண்ணுக்குள் கொண்டுபோகும். மண்ணுக்குள் போய்விட்டால் அம்மோனியம் மண் துகளைப் பிடித்துக்கொள்ளும். காற்றுக்கு எட்டாது.

2. களைக் கருவியை ஓட்டுவதற்கு முன் போடுங்கள்.
வரிசை நடவு செய்தவர்கள் யூரியா போட்ட கையோடு கோனோவீடர் ஓட்டினால் உரம் சேற்றோடு கலந்துவிடும். களை எடுத்த மாதிரியும் ஆச்சு, உரத்தைக் காப்பாத்தின மாதிரியும் ஆச்சு.

3. ஒரே தடவையில் கொட்டாதீர்கள்.
தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தழைச்சத்தை நான்காகப் பிரித்துப் போடச் சொல்கிறது. அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம். தண்ணீரில் அம்மோனியம் அதிகமாகக் கிடந்தால் அம்மோனியாவும் அதிகமாக உருவாகும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் வேர் எடுக்கும் வேகத்துக்கு உரம் கிடைக்கும். பயிர் வளர்ந்து தண்ணீருக்கு நிழல் விழுந்த பிறகு பாசியும் அடங்கும், தண்ணீர்ச் சூடும் குறையும். அதனால் பிந்தைய தவணைகளில் இழப்பு தானாகவே குறைவு.

4. ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு கலந்து போடுங்கள்.
யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து ஒரு இரவு வைத்திருந்து மறுநாள் போடும் பரிந்துரை டெல்டாவில் பலருக்கும் தெரிந்ததுதான். காரணம் இதோ. ஜிப்சத்தில் உள்ள கால்சியம், தண்ணீரைக் காரமாக வைத்திருக்கும் கார்பனேட்டைச் சுண்ணாம்பாக மாற்றிப் பிடித்துவிடும். பி.எச். ஏறுவது குறையும். சமநிலை அம்மோனியம் பக்கம் சாயும்.

5. அசோலா வளர்த்துப் பாருங்கள்.
தண்ணீர் மேல் அசோலா பாய் விரித்த மாதிரி மூடியிருந்தால் வெயில் உள்ளே போகாது. பாசி குறையும். பி.எச். கட்டுக்குள் இருக்கும். அசோலாவோடு வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருவது கூடுதல் லாபம்.

6. இலை வண்ண அட்டையைப் பயன்படுத்துங்கள்.
பக்கத்து வயல்காரர் போட்டார் என்பதற்காக நாமும் போட வேண்டாம். இலையின் பச்சையை அட்டையோடு ஒப்பிட்டு, தேவை இருந்தால் மட்டும் போடலாம்.

"வேம்பு பூசின யூரியாதானே வருது, அப்புறம் என்ன?"

நல்ல கேள்வி. 2015 முதல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. ஆனால் வேம்பின் முக்கிய வேலை வேறு. அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களை அது மட்டுப்படுத்தும். நைட்ரேட்டாகி நீரோடு இறங்கும் இழப்பு அதனால் குறையும். காற்றில் பறக்கும் அம்மோனியாவைத் தடுப்பது அதன் வேலை இல்லை. அதற்கு நாம்தான் தண்ணீரையும் நேரத்தையும் கவனிக்க வேண்டும்.

சாயங்காலம் போட்டால் போதுமா?

போதாது. இரவில் பி.எச். குறைவுதான். ஆனால் யூரியா முழுசா உடைய சில நாட்கள் ஆகும். அதற்குள் பகல் வெயில் பல தடவை வந்துபோகும். மாலையில் போடுவதில் தப்பில்லை. ஆனால் அதைவிட முக்கியம், உரம் மண்ணுக்குள் போகிறதா இல்லையா என்பதுதான்.

பறக்கறதை ஈடுகட்ட இன்னும் ஒரு மூட்டை சேர்த்துப் போட்டால்?

இதுதான் பெரிய பொறி. அதிகம் போட்டால் அதிகம் பறக்கும். பயிர் எடுத்துக்கொண்டதும் அளவு மீறினால் தண்டு மெலிந்து, மழைக்கும் காற்றுக்கும் சாயும். புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலை நோயும் தேடி வரும். யூரியாவில் மிச்சம் பிடிக்க முடியாத காசு, மருந்துக் கடையிலும் போய்ச் சேரும்.

மாணவர்களுக்கு ஒரு நிமிட ரிவிஷன்

- அழுத்தம் கூடினால், வாயு மூலக்கூறுகள் குறைவாக உள்ள பக்கம் சமநிலை நகரும்.
- வெப்ப உமிழ் வினையில் சூடு கூடினால் விளைச்சல் குறையும். வெப்பக் கொள் வினையில் கூடும்.
- ஒரு பொருளைச் சேர்த்தால் அதைச் செலவழிக்கும் பக்கமும், வெளியே எடுத்தால் அதை உருவாக்கும் பக்கமும் நகரும்.
- வினையூக்கி வேகத்தை மட்டும் மாற்றும். சமநிலையின் இடத்தை மாற்றாது.

உதாரணம் கேட்டால் ஹேபர் முறையை மட்டும் எழுத வேண்டாம். உங்க அப்பா, சித்தப்பா வயலில் நடப்பதையும் எழுதலாம். அதுவும் இதே பாடம்தான்.

கடைசியாக ஒரு விஷயம். ஆலையில் வெப்பமும் அழுத்தமும் ஒவ்வொரு நொடியும் திரையில் ஓடும். கொஞ்சம் மாறினாலும் அலாரம் அடிக்கும். ஏன்னா அங்கே ஒரு சதவீதம் குறைந்தாலும் அது காசு. வயலில் திரையும் இல்லை, அலாரமும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் என்றைக்கு வரும் என்பதே பல நேரம் கடைசி நிமிடத்தில்தான் தெரிகிறது. எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முன்கூட்டியே சொன்னால், கடைமடை விவசாயி அதற்கேற்ப யூரியா போடும் நாளைக் குறித்துக்கொள்வார். அந்த அறிவிப்புக்கு மானியமும் தேவையில்லை, புது உரமும் தேவையில்லை.

யூரியா லோடு வந்துடுச்சான்னு கேட்கிறப்பவே, தண்ணி எப்ப வருதுன்னும் கேட்டு வைங்க. மூட்டையில் உள்ள 20.7 கிலோவில் எவ்வளவு உங்க பயிருக்கு, எவ்வளவு காற்றுக்கு என்பது அந்த இரண்டாவது பதிலில்தான் இருக்கு.